பழைய தமிழ் நூல்களையும் அச்சிட்ட இசையையும் பட்டியலிடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு வீட்டில் பழைய பெட்டகம் திறக்கப்பட்டால், உள்ளே இருந்ததைப் பையில் போட்டுக்கொண்டு யாராவது என்னிடம் வருகிறார்கள். பாடசாலை நூலகர்கள் வருகிறார்கள். வாசிகசாலைப் பொறுப்பாளர்களும் நூலகவியல் மாணவர்களும் வருகிறார்கள். அவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். தனித்தனியே பலமுறை சொன்னவற்றை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் போக்கிலேயே விட்டிருக்கிறேன்.

1. ஐயா, பெயர், ஆசிரியர், ஆண்டு மூன்றும் இருந்தால் போதாதா? அரிய நூலுக்கு மட்டும் ஏன் இவ்வளவு விபரம்?

போன மாதம் வாங்கிய நாவலுக்கு அந்த மூன்றும் போதும். அதன் எல்லாப் பிரதிகளும் ஒன்றே. கையால் எழுத்துக் கோத்து அச்சிட்ட நூல் அப்படியல்ல. அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே பிழை கண்டு திருத்துவார்கள். பிரதிகள் தீர்ந்தால் மறுபடி எழுத்துக் கோத்து அதே ஆண்டிலேயே இன்னொரு தடவை அச்சிடுவார்கள். பெயரும் ஆண்டும் ஒன்றாக இருக்கும். நூல் வேறாக இருக்கும். உங்கள் பிரதியைக் கண்ணால் காணாத ஒருவர், சென்னையிலோ லண்டனிலோ இருந்துகொண்டு, "என்னிடம் இருப்பதும் இதுதான்" என்றோ "இல்லை, இது வேறு" என்றோ உங்கள் பதிவை வாசித்து முடிவு செய்ய முடிய வேண்டும். நான் வைத்திருக்கும் ஒரே சோதனை இது.

1981 மே 31 இரவு தொடங்கிய எரிப்பில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. ஒரு நூலைப் பற்றி மூன்று வரி மட்டும் எஞ்சியிருந்தால், அழிந்தது எந்தப் பதிப்பு, யார் கையில் இருந்த பிரதி என்று எவராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு பதிவையும் அந்த நினைவோடுதான் எழுதுகிறேன்.

2. எந்த ஆண்டுக்கு முந்தியது என்றால் "அரிய நூல்"?

ஐரோப்பிய நூல்களுக்கு, இயந்திர அச்சு பரவும் முன், அதாவது ஏறத்தாழ 1830 வரை என்று கோடு போடுவது வழக்கம். அந்தக் கோடு நமக்குப் பொருந்தாது. தமிழ் எழுத்தில் கொல்லத்தில் நூல் அச்சானது 1578இல். கொழும்பில் ஒல்லாந்தர் அச்சுக்கூடம் தொடங்கியது 1730களில். ஆனால் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சுக்கூடம் வந்தது 1834இல். ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சியந்திரசாலை நிறுவியது 1849இல். ஈழத்து அச்சு செழித்த காலம் முழுவதும் அந்தக் கோட்டுக்கு வெளியே விழுந்துவிடும்.

நான் 1900 வரை உள்ள அனைத்தையும் அரிய நூலாகவே நடத்துகிறேன். அதற்குப் பிந்தியவற்றில் மிகச் சில பிரதிகளே அச்சானவற்றையும் சேர்த்துக்கொள்கிறேன்: ஊர்க் கோயில் பதிகங்கள், நாடகப் பாட்டுப் புத்தகங்கள், இறந்தவரைப் பற்றிப் பாடி, அந்தியேட்டி நாளில் உறவினருக்குக் கொடுத்த கல்வெட்டுப் பாடல்கள். கல்வெட்டை நூலகங்கள் நீண்ட காலம் நூலாகவே மதிக்கவில்லை. ஒரு குடும்பத்தின் வழி, ஊர், புலவர், அச்சகம் நான்கும் ஒரே இடத்தில் கிடைப்பது அதில்தான்.

3. எந்த விதியைப் பின்பற்றுவது? ஆர்.டி.ஏ., மார்க், டி.சி.ஆர்.எம். என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

அவை ஒன்றோடொன்று போட்டியிடுபவை அல்ல. என்ன எழுதுவது என்பதை விதி சொல்கிறது. அதைக் கணினிப் பதிவில் எங்கே எழுதுவது என்பதை மார்க் 21 சொல்கிறது. அதில் எண்ணிட்ட ஒவ்வோர் இடமும் ஒரு புலம்; புலத்தின் உட்பிரிவு துணைப்புலம். சாதாரண நூலுக்கு 2010இல் வந்த ஆர்.டி.ஏ. போதும். அரிய பொருள்களுக்கு டி.சி.ஆர்.எம். என்ற விதிநூல் வரிசை இருக்கிறது. அச்சு நூல்களுக்கானது 2007இலும் இசைக்கானது 2016இலும் வந்தன. அமெரிக்க நூலகச் சங்கத்தின் அரிய நூல் பிரிவினர் தயாரித்தவை; இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஓலைச்சுவடிக்கு இவை பொருந்தா. கையெழுத்துப் பொருளுக்குத் தனி விதி உண்டு. கோஹா என்ற நூலக மென்பொருள் வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதலாம்.

4. முகப்பில் மேலே "உ" என்றும் "சிவமயம்" என்றும் இருக்கிறது. தலைப்பில் சேர்ப்பதா?

வேண்டாம். தலைப்புக்கு முன் வரும் இறைவணக்கச் சொற்களை, விடுபட்டதற்கான குறிகூட இடாமல் விட்டுவிடலாம் என்று டி.சி.ஆர்.எம். சொல்கிறது. லத்தீன் நூல்களை மனத்தில் வைத்து எழுதிய விதிதான். என்றாலும் நம் முகப்புகளுக்கு அப்படியே பொருந்துகிறது. தலைப்போடு இலக்கணத்தால் பிணைந்திருந்தால் மட்டும் விடக் கூடாது.

ஆனால் தலைப்பிலிருந்து நீக்கியதைக் குறிப்பில் எழுதுங்கள். "சிவமயம்", "கடவுள் துணை", சிலுவைக் குறி ஒவ்வொன்றும் அந்த நூல் யாருக்காக, யார் கையால் அச்சானது என்பதற்குச் சாட்சி. அச்சகத்தின் பெயர் கிழிந்துபோன ஒரு நூலில் அந்த ஒரு வரியே வழிகாட்டியாக இருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. மேலே நிற்கும் "உ" பிள்ளையார் சுழி. பக்கத்தின் அடியில் நிற்கும் "உ" பெரும்பாலும் இரண்டு என்ற எண். பழைய அச்சகங்கள் தமிழ் எண்ணுக்குத் தனி அச்செழுத்து இல்லாமல் க, உ, ங என்ற எழுத்துகளையே எண்ணாக இட்டன. அந்த வரிசையில் "அ" என்றால் எட்டு. முதலாம் எழுத்து என்று எண்ணி, மடித்த தாள்களின் வரிசையைக் குழப்பிக்கொண்டவர்கள் பலர்.

5. ஆசிரியர் பெயர் தலைப்புக்கு முன்னால் வருகிறது. தலைப்பைப் பெயரிலிருந்து தொடங்குவதா, நூற்பெயரிலிருந்தா?

இங்கே ஒரே ஓர் எழுத்தைப் பாருங்கள்: "து". முகப்பில் நூற்பெயர் தனியாக நின்று, அதன் கீழே "இஃது நல்லூர் இன்னார் இயற்றியது" என்று இருந்தால் அந்த வாக்கியம் முடிந்துவிட்டது. நூற்பெயர் தலைப்பு, மற்றது பொறுப்புக்கூற்று, அதாவது நூலை ஆக்கியவர் யார் என்ற கூற்று. 245ஆம் புலத்தில் இரண்டும் தனித்தனித் துணைப்புலங்களில் போகும்.

"நல்லூர் இன்னார் இயற்றிய இன்ன மாலை" என்று இருந்தால் கதை வேறு. "இயற்றிய" பெயரெச்சம். அது தன்னை முடிக்க "மாலை" என்ற பெயரைத் தேடுகிறது. இலக்கணம் பிணைத்ததை நாம் பிரிக்கக் கூடாது. முழுவதையும் தலைப்பாகவே எழுதி, வாசகர் தேடக்கூடிய "இன்ன மாலை" என்ற சுருக்கப் பெயரை 246ஆம் புலத்தில் கட்டாயம் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்க மறந்தால் நூல் அலுமாரியில் இருந்தும் யாருக்கும் அகப்படாது. வேற்றுமை உருபு, எச்சம் படித்த எவருக்கும் இந்த விதி உடனே விளங்கும். தமிழ் ஆசிரியர்கள் இந்த வேலைக்கு வர வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

"பரிசோதித்து" என்ற சொல்லையும் கவனியுங்கள். பழைய முகப்புகளில் அது பதிப்பாசிரியரின் பணி. பரிசோதித்தவரை நூலாசிரியராக எழுதிவிடாதீர்கள்.

6. பழைய நூலில் புள்ளி இல்லை, எழுத்துப்பிழை இருக்கிறது, "லை" வேறு வடிவில் இருக்கிறது. திருத்தலாமா?

வடிவம் வேறு, எழுத்துக்கூட்டல் வேறு. யானைத்துதிக்கை போல் வளைந்த பழைய லை, ளை, ணை, னை ஆகியவையும், சுழித்த ணா, றா, னா ஆகியவையும் வெறும் வடிவங்கள். தமிழ்நாட்டில் 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்தோடு அவை அச்சிலிருந்து மறைந்தன. கணினிக் குறியீட்டில் பழைய லைக்கும் புதிய லைக்கும் இடம் ஒன்றே. ஆகவே இன்றைய வடிவில் எழுதுங்கள்.

எழுத்துக்கூட்டலைத் தொடாதீர்கள். "கொளும்பு" என்று அச்சாகியிருந்தால் "கொளும்பு" என்றே எழுதி, சதுர அடைப்பில் [கொழும்பு] என்று சேர்க்க வேண்டும். தெளிவான அச்சுப்பிழைக்கும் அதே முறை: உள்ளபடி எழுதி, பக்கத்தில் "[அதாவது ...]". மெய்யெழுத்துப் புள்ளியும் எ, ஏ வேறுபாடும் இல்லாத மிகப் பழைய நூல்களில், தலைப்பை உள்ளபடி எழுதிவிட்டு, புள்ளியிட்ட வாசிப்பை 246இல் கொடுக்கிறேன். உள்ளதும் மாறாது, தேடுபவருக்கும் கிடைக்கும்.

7. "விகாரி வருஷம் தை மாசம்" என்று மட்டும் இருக்கிறது. இதை எந்த ஆண்டு என்று எழுதுவது?

அறுபது ஆண்டுச் சுழற்சியில் விகாரி திரும்பத் திரும்ப வரும்: 1839–40, 1899–1900, 1959–60. எந்தச் சுற்று என்பதைத் தாள், அச்செழுத்து, அச்சகத்தின் பெயர் ஆகியவற்றால் முடிவு செய்ய வேண்டும். இலங்கையில் அச்சான நூலுக்கு இன்னொரு துணையும் உண்டு. அச்சகத்தாரும் வெளியீட்டாளரும் நூல்களைப் பதிவுசெய்ய வேண்டும் என்ற 1885ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்துக்குப் பின், பதிவான நூல்களின் காலாண்டுப் பட்டியல்கள் அரசால் வெளியிடப்பட்டன. கொழும்பு அரும்பொருட்சாலை நூலகத்துக்குப் பிரதி போகத் தொடங்கியதும் அந்தச் சட்டத்தால்தான்.

சுற்று தெரிந்த பின்னும் கவனம் வேண்டும். தமிழ் ஆண்டு சித்திரையில் தொடங்குகிறது. 1899 ஏப்ரலில் பிறந்த விகாரியின் தை மாதம் 1900 ஜனவரியில் விழுகிறது. ஆகவே "விகாரி வருஷம் தை மாசம் [1900]". மாதம் இல்லையென்றால் "[1899 அல்லது 1900]". ஹிஜ்ரி ஆண்டுக்கும் இப்படியே: 1300 என்றால் "[1882 அல்லது 1883]". தமிழ் எண்ணில் ௲௮௱௯௰௯ என்று இருந்தால் அதையே எழுதி [1899] என்று சேருங்கள். ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து.

8. முகப்புத் தாளே இல்லை. என்ன செய்வது?

முதற்பக்கத் தலைப்பு, பக்கங்களின் மேலே ஓடும் தலைப்பு, முடிவுரை, சிறப்புப்பாயிரம் என்ற வரிசையில் தேடுங்கள். சிறப்புப்பாயிரத்தில் நூற்பெயரும் பாடியவரின் ஊரும் செய்யுளுக்குள்ளேயே இருக்கும். எங்கிருந்து எடுத்தீர்கள் என்று குறிப்பில் சொல்லுங்கள். எங்குமே இல்லாவிட்டால் நீங்கள் வைக்கும் பெயரைச் சதுர அடைப்புக்குள் இடுங்கள்.

9. பக்க எண்ணிக்கையைக் கடைசிப் பக்கத்து எண்ணைப் பார்த்து எழுதலாமா?

கூடாது. எண் இல்லாத பக்கங்களும் நூல்தான். "[8], 124, [2] பக்கங்கள்" என்று தொகுதி தொகுதியாக எழுத வேண்டும். கடைசி எண் பிழையாக அச்சாகியிருந்தால் "124 [அதாவது 142]". உயரத்தை அளந்து, மேல் முழு எண்ணுக்கு ஏற்றுங்கள், 21.2 வந்தால் 22 செ.மீ.

கையால் செய்த தாள் என்றால் அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இடைவெளி விட்டு ஓடும் கம்பிக் கோடுகள் நெட்டாக இருந்து நீரடையாளம் தாளின் நடுவில் வந்தால், முழுத்தாள் ஒருமுறை மடிந்தது. கோடுகள் கிடையாக, அடையாளம் முதுகு மடிப்பின் நடுவில் வந்தால் நாலுமடி. மறுபடி நெட்டாக, அடையாளம் மடிப்பின் மேல்மூலையில் வந்தால் எட்டுமடி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இயந்திரத் தாளில் இந்தச் சாட்சியை நம்ப முடியாது, அங்கே செ.மீ. மட்டும் போதும்.

10. "இரண்டாம் பதிப்பு" என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் முதற்பதிப்போடு ஒன்றுபோல் இருக்கிறதே?

போட்டிருப்பதை உள்ளபடி எழுதுங்கள். நம் அச்சகத்தார் மறுபடி அச்சிட்டாலே "பதிப்பு" என்றார்கள். உள்ளடக்கம் மாறியதா என்பதை அந்தச் சொல் சொல்லாது.

உண்மையில் மறுபடி எழுத்துக் கோத்தார்களா என்று அறிய, இரண்டு பிரதியிலும் ஒரே பக்கத்தை எடுங்கள். மேல் வரியில் ஓர் எழுத்தையும் கீழ் வரியில் ஓர் எழுத்தையும் தேர்ந்து, இரண்டையும் தொடும்படி அடிமட்டத்தை வையுங்கள். இடையில் அது எந்தெந்த எழுத்துகளை வெட்டுகிறது என்று பாருங்கள். இரண்டு பிரதியிலும் அதே எழுத்துகள் வெட்டுப்பட்டால் எழுத்துக்கோப்பு ஒன்றே. வேறு எழுத்துகள் என்றால் புதிதாகக் கோத்தது. உடைந்த எழுத்துகளும் நல்ல சாட்சி.

11. ஒரே ஆசிரியருக்குப் பல பெயர்கள் வருகின்றன. எதை வைத்துக்கொள்வது?

ஒன்றைத் தேர்ந்து, மற்றவற்றை அதற்கு வழிகாட்டுபவையாக அதிகாரப் பதிவில், அதாவது ஒருவரின் பெயர் வடிவங்களைச் சேர்த்துவைக்கும் தனிப் பதிவில், எழுதுங்கள். ஆறுமுகம் என்பது பிறந்த பெயர். நாவலர் என்பது 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் கொடுத்த பட்டம். வாசகர் ஆறுமுக நாவலர் என்றே தேடுவார்; ஆகவே "ஆறுமுக நாவலர், 1822–1879". சி. வை. தாமோதரம்பிள்ளையின் "சி" சிறுப்பிட்டி என்ற ஊர். ஊரும் தந்தை பெயரும் முன்னெழுத்தாக நிற்கும் நம் பெயர்களில், முன்னெழுத்தை விரித்து எழுதிவைப்பது ஒரே பெயருள்ள இருவரைப் பிரித்துக்காட்டும். "ஸ்ரீலஸ்ரீ", "அவர்கள்" ஆகியவை தலைப்பெயரில் வேண்டாம். முகப்பிலிருந்து எழுதும் பொறுப்புக்கூற்றில் இருக்கட்டும்.

12. கையெழுத்து, றப்பர் முத்திரை, பூச்சி அரித்த துளை எல்லாவற்றையும் எழுத வேண்டுமா?

அது உங்கள் பிரதிக்கு மட்டும் உரிய வரலாறு. முந்தைய உரிமையாளர் விபரம் 561இல், நூற்கட்டு 563இல் போகும். பாடசாலைப் பரிசுச்சீட்டு, புத்தகக்கடை முத்திரை, ஓரத்தில் ஒரு வித்துவான் எழுதிய பாடபேதம் அனைத்தும் வேண்டும். கொடுத்தவர் உயிரோடு இருந்து பெயர் வெளிவர விரும்பாவிட்டால், 561இன் முதற்குறியீட்டை (புல எண்ணை அடுத்து வரும் முதல் இலக்கத்தை) 0 என்று வைத்தால் அது வெளியாருக்குக் காட்டாத அகப் பதிவாகும்.

ஒரு நூலகத்தில் பழைய நூலின் முகப்பிலே, அச்சகத்தின் பெயருக்கு மேலேயே, புதிய முத்திரையைக் குத்தியிருந்ததைக் கண்டேன். அந்தப் பெயரை இனி வாசிக்க முடியாது. மென்மையான பென்சிலால், உள்ளட்டையில் எழுதுங்கள். கிழிந்த தாளுக்கு ஒட்டுநாடா ஒட்டாதீர்கள். கொழும்பின் ஈரக்காற்றில் அதன் பசை சில ஆண்டுகளிலேயே தாளை மஞ்சளாக்கிவிடும்.

13. அம்மம்மாவின் பியானோ இசைத்தாள்கள் இருக்கின்றன. எதிலும் ஆண்டு இல்லை. இவற்றை எப்படிப் பதிவது?

பழையது என்று தெரிந்தால் விற்காது என்பதால் இசை வெளியீட்டாளர்கள் பெரும்பாலும் ஆண்டை இடுவதில்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு எண் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். அது தகட்டு எண். 028ஆம் புலத்தில் முதற்குறியீடு 2. முகப்பில் மட்டும் வரும் எண் வெளியீட்டாளர் எண், அதற்கு 3. அதே வெளியீட்டாளரின் எண் வரிசையை வைத்து ஆண்டை ஊகிக்கலாம்: "[1890 அளவில்]". ஆனால் செதுக்கிய தகட்டைப் பல ஆண்டுகள் வைத்திருந்து, வேண்டும்போது அச்சிடுவார்கள். எண் சொல்வது தகடு செய்த காலத்தை. உங்கள் தாள் அச்சான காலத்தை அல்ல.

முகப்பில் பத்துப் பாடல்களின் பெயர்கள் இருந்து ஒன்றுக்கு மட்டும் அடிக்கோடு இட்டிருந்தால், அது எல்லாவற்றுக்கும் பொதுவாகச் செய்த முகப்பு. உள்ளே இருப்பது அடிக்கோடிட்ட ஒன்று மட்டுமே. கொழும்புக் கடையின் முத்திரை இருந்தால் அந்தக் கடையை வெளியீட்டாளராக எழுதிவிடாதீர்கள். அது விற்ற கடை. 12ஆம் பதிலில் சொன்னபடி பிரதிக் குறிப்பில் போகட்டும்.

வீட்டார் பல தாள்களைச் சேர்த்துக் கட்டி, அட்டையில் பெயரைப் பொன்னெழுத்தில் பொறித்திருந்தால், கட்டைப் பிரிக்கவே கூடாது. ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவு எழுதி, 501இல் எவற்றோடு சேர்ந்து கட்டப்பட்டது என்று வரிசையாகச் சொல்லுங்கள். ஒரு பெண் எந்த வயதில் எதை வாசிக்கப் பழகினாள் என்பது அந்த வரிசையில் இருக்கிறது. பதிகங்களைச் சேர்த்துக் கட்டிய தொகுப்புக்கும் இதே முறை.

14. ஐந்து கோட்டு இசையே இல்லை. ச ரி க ம எழுத்து மட்டும்தான். இது இசையா, நூலா?

இசை. பார்த்துப் பாடவோ கருவியில் வாசிக்கவோ உதவும் குறியீடு இருந்தால் அது எந்த எழுத்தில் இருந்தாலும் இசைப்பிரதிதான். மேலும் கீழும் இட்ட புள்ளிகள் ஸ்தாயியைக் காட்டும். மேலே இட்ட கோடுகள் காலத்தைக் காட்டும். "சுரக் குறியீடு, தமிழ் எழுத்தில்" என்று 546இல் எழுதுங்கள். தேவாலயப் பாட்டுப் புத்தகங்களில் வரும் டோனிக் சோல்ஃபா எழுத்துகளும் இப்படியே. அதைச் சுரம் என்று எழுதிவிடாதீர்கள், அது வேறு முறை.

"வர்ணமெட்டு" என்று இன்னொரு பாட்டின் பெயரை மட்டும் தந்து, சுரமே இல்லாமல் வரிகள் மட்டும் இருந்தால் அது இசைப்பிரதி அல்ல; உரைநூல். ஆனால் மெட்டின் பெயரைக் குறிப்பில் கட்டாயம் எழுதுங்கள், பாடியவர்களின் காதில் என்ன ஒலித்தது என்பதற்கு அது ஒன்றே தடயம். விபுலாநந்த அடிகளின் யாழ்நூல் (1947) போன்றவை இசையைப் பற்றிய நூல்கள். அவற்றையும் இசைப்பிரதி என்று வகைப்படுத்தக் கூடாது.

15. கீர்த்தனைக்குத் தலைப்பே இல்லை. "ராகம்: ..., தாளம்: ..." என்றுதான் தொடங்குகிறது.

பல்லவியின் முதற்சொற்களே அதன் பெயர். ஒரே சொற்களோடு தொடங்கும் வேறு கீர்த்தனைகள் இருக்கும்; ஆகவே சீர்தலைப்பில் (எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவாக நாம் வைக்கும் ஒரே தலைப்பில்) ராகத்தையும் வேண்டுமானால் தாளத்தையும் சேர்த்துப் பிரியுங்கள். தெலுங்குக் கீர்த்தனையைத் தமிழில் அச்சிடும்போது "மஹாநுபாவுலு", "மகானுபாவுலு" என்று புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். 6ஆம் பதிலின் விதிப்படி நூலில் உள்ளதை எழுதி, சீர்தலைப்பில் ஒரே வடிவத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

இயற்றியவர் பெயர் இல்லாவிட்டால் சரணத்தில் முத்திரையை, அதாவது இயற்றியவர் தன் அடையாளமாக வைக்கும் சொல்லை, தேடுங்கள். "குருகுக" என்றால் முத்துசுவாமி தீட்சிதரை நினைப்போம். ஆனால் முத்திரை ஊகத்துக்குத் துணை மட்டுமே. "முத்திரையின்படி" என்று குறிப்பில் சொல்ல வேண்டும். வரிகளை எழுதியவரும் மெட்டமைத்தவரும் வெவ்வேறு ஆட்கள் என்று நூல் சொன்னால், இருவருக்கும் தனித்தனி நுழைவு கொடுங்கள்.

16. நூலகம் தளத்தில் இதைப் படமாக்கிப் போட்டுவிட்டார்களே. இனியும் பட்டியல் எதற்கு?

ஈழத்து நூல்களைப் படமாக்கி இணையத்தில் இடும், 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் செய்துவருவது பெரும் பணி. நானும் நாள்தோறும் பயன்படுத்துகிறேன். ஆனால் படம் ஒரு பிரதியின் படம். உங்கள் பிரதியில் இருக்கும் கூடுதல் தாளோ கையெழுத்தோ அதில் இல்லை. நீரடையாளமும் கட்டும் படத்தில் தெரிவதில்லை. உங்கள் பதிவில் அந்தப் படத்துக்கு இணைப்பும், "இப்பிரதியிலிருந்து வேறுபடுகிறது" என்ற குறிப்பும் இருந்தால் இரண்டுக்கும் பயன்.

17. எங்களிடம் இரண்டு பிரதிகள். எல்லாம் ஒன்றே; ஒரு பக்கத்தில் நாலு வரி மட்டும் வேறு. இரண்டு பதிவா, ஒன்றா?

முதலில் 10ஆம் பதிலில் சொன்ன அடிமட்டச் சோதனையை அந்தப் பக்கத்திலும் வேறு இரண்டு பக்கங்களிலும் செய்யுங்கள். மற்றவை ஒரே எழுத்துக்கோப்பு என்றால் இரண்டு வாய்ப்புகள். அச்சு ஓடும்போது நிறுத்தித் திருத்தியிருக்கலாம். அல்லது அச்சான பின் அந்தத் தாளை வெட்டியெடுத்து, புதிதாக அச்சிட்ட தாளை ஒட்டியிருக்கலாம். நூலை மெல்லத் திறந்து முதுகுப் பக்கம் பாருங்கள். வெட்டிய தாளின் ஒடுங்கிய அடிக்கட்டை தெரிந்தால் இரண்டாவதுதான்.

இரண்டிலும் ஒரே பதிவு போதும். முகப்பும் வெளியீட்டு விபரமும் மாறாதவரை தனிப் பதிவு வேண்டியதில்லை. பொதுக் குறிப்பில் வேறுபாட்டை எழுதுங்கள்: எந்தப் பக்கம், எந்த வரி, ஒவ்வொன்றிலும் அச்சான முதற்சொற்கள் என்ன. எந்தப் பிரதியில் எது என்று பிரதிக் குறிப்பில் சேருங்கள். சமய விவாத நூல்களில் இப்படி மாற்றிய வரிகள் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தாரைப் பற்றியவையாக இருக்கும். திருத்துவதற்கு முந்திய பிரதியே அரிது. இரட்டைப் பிரதி என்று எண்ணி அதை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.